தமிழில் விட்டுப்போன சொல்

பார்மக்கேயா, பார்மக்கேயா என்று பாஸ்டர் ஆல்வின் இரண்டாம் முறையும் மைக்கில் சொன்னபோது, இந்தச் சொல் என் வாயிலிருந்துதானே முதலில் இந்த அறைக்குள் வந்தது என்று பிரைட்டனுக்கு உறைத்தது. எப்போது... போன மாதம், புதன்கிழமை வேதபாட வகுப்பில். பத்துப் பதினைந்து பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். தமிழில் பில்லிசூனியம் என்று இருக்கிற இடத்தில் மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் இதுதான், பார்மசி என்று சொல்கிறோமே மருந்துக்கடையை, அதுவும் இதே வேரிலிருந்து வந்தது என்றான், சொன்னதும் அறையில் ஓர் அமைதி விழுந்தது, அந்த அமைதி அவனுக்குப் பிடித்திருந்தது. இன்சூரன்ஸ் ஆபீசில் நாளெல்லாம் கிளைம் ஃபாரம் பார்க்கிறவன் சொல்வதை யார் இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள்? அடுத்த வாக்கியத்தையும் சொல்லியிருக்க வேண்டும். மந்திரவாதிகள் கலக்கிக் கொடுத்த வசிய மருந்தையும் நஞ்சையும்தான் அது குறிக்கிறது, டாக்டர் கொடுப்பதை அல்ல என்று. சொல்லத்தான் இருந்தான், அதற்குள் யாரோ ஸ்தோத்திரம் என்றார்கள், பாஸ்டர் ஜெபத்துக்கு எழுந்துவிட்டார், நம்ம தம்பி வேதாகமக் கல்லூரியில ரெண்டு வருஷம் கிரேக்கு படிச்சவரு என்று தோளில் தட்டினார், அந்தத் தட்டலில் வாக்கியம் உள்ளேயே தங்கிவிட்டது.

இப்போது அது பாஸ்டரின் வாக்கியம். மெடிக்கல் ஸ்டோர் போர்டப் பாருங்க, அந்தப் பேரு வேதத்துல எங்க கிடக்கு, விக்கிரகாராதனைக்குப் பக்கத்துல கிடக்கு... ஆமென் ஆமென் என்று கைகள் உயர்ந்தன. கீழே தோல் பை தைக்கிற பட்டறை ஞாயிறு என்பதால் பூட்டியிருந்தது, ஆனாலும் பசை வாடை படியேறி வந்துகொண்டேதான் இருந்தது, ஃபேன் அதைச் சுற்றிச் சுற்றிப் பரப்பியது. பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் அனிஷா, அவன் தங்கை, முக்காட்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். முகத்தில் எவ்வளவு நிம்மதி. பதினாலு வயதில் பள்ளிக்கூடப் படிக்கட்டில் வெட்டி வெட்டி இழுத்து விழுந்தவள், அன்றிலிருந்து காலையும் மாலையும் மாத்திரை, எட்டு வருஷமாக ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை. திடீரென்று நிறுத்தினால் விடாமல் அடுத்தடுத்து வரும், உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னது அவளுக்கும் தெரியும். இன்று காலையில் அவள் கையிலிருந்து டீ கிளாஸ் தானாகத் துள்ளி விழுந்தது. யாரோ தட்டிவிட்டது போல. அவளே சிரித்தாள். பிறகுதான் சொன்னாள், பதினோரு நாளாச்சுண்ணே, விட்டுட்டேன்.

எழுந்து நின்றுவிட்டான். எப்படி எழுந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை, எல்லா முகங்களும் திரும்பின. "பாஸ்டர், அந்தச் சொல்லுக்கு அர்த்தம் அது இல்ல."

பாஸ்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிரித்துக்கொண்டே மைக்கை வாயிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். "தம்பி, ரெண்டுக்கும் வேர் ஒண்ணா இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

"வேர் ஒண்ணுதான், ஆனா..."

"ஆமென்!" என்றார் பாஸ்டர். அறை முழுக்க ஆமென். ஆனா என்பது அதற்குள் எங்கோ நசுங்கிப்போனது. அனிஷா கண்ணைத் திறந்து அவனைப் பார்த்து, உட்காரு என்று கையைக் காட்டினாள். அந்தக் கையின் கட்டைவிரல் ஒருமுறை வெட்டியது, அல்லது வெட்டியதாக அவனுக்குத் தோன்றியது.

ஆராதனை முடிந்து தொண்ணூறடி ரோட்டில் ஆட்டோக்களுக்கும் கறிக்கடைக் கூட்டத்துக்கும் நடுவே நடந்தபோது அவளை ரோட்டுப் பக்கமாக விடாமல் உள்பக்கம் தள்ளியே நடந்தான், விழுந்தால் பிடிக்க வேண்டுமே. பாஸ்டர் சொன்னாருன்னு உசிரோட விளையாடுவியா என்று கேட்டான். அவள் நின்றுவிட்டாள்.

"பாஸ்டர் சொல்லியா விட்டேன்? அவருக்கு என்ன தெரியும். நீ சொன்னியேண்ணே. மூலத்துல இப்படித்தான் இருக்குன்னு நீதான சொன்ன."

ரோட்டுச் சத்தம் எல்லாம் தூரத்துக்குப் போய்விட்டது. நான். நான்தான். அவசர அவசரமாகத் தேடினான், எதையாவது, வேறொரு சொல்லை. நானே உன் பரிகாரி என்று கர்த்தர் சொல்கிறாரே, அங்கே எபிரேயத்தில் இருக்கிற சொல் ராஃபா, குணமாக்குவது, எபிரேயம் பேசுகிற நாட்டில் இன்றைக்கும் டாக்டரை அதே வேரில் வந்த சொல்லால்தான் கூப்பிடுகிறார்கள், பழைய தமிழிலும் பரிகாரி என்றால் வைத்தியர்தான், கர்த்தரே தன்னை டாக்டர் என்கிறார் பார் என்றான். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ அவரே டாக்டர்னா எனக்கு வேற டாக்டர் எதுக்கு?" உண்மையைச் சொல்லச் சொல்ல எல்லாம் அந்தப் பக்கமே போய் நிற்கிறதே, இவளுக்கு எந்தச் சொல்லைக் கொடுப்பது... வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் குடி என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது ஞாபகம் வந்தது, அதுவும் மருந்துதானே. சொன்னான். அது வயித்து நோவுக்குல்லா என்றாள்.

"இல்ல. கிரேக்கத்துல அந்த வசனத்துல இன்னொரு சொல் இருக்கு. நாள் தவறாம, விடாமன்னு அர்த்தம். கட்டளையாவே இருக்கு. தமிழ்ல அத விட்டுட்டாங்க."

அப்படி ஒரு சொல் அங்கே இல்லை. நாக்கு தடுமாறக்கூட இல்லை.

"நெசமாவா?"

"நான் படிச்சிருக்கேன்லா."

காலையிலேயே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்த மாத்திரை அட்டையை நீட்டினான். அவள் பக்கத்துக் கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கி, அங்கேயே நின்று, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு விழுங்கினாள். இவ்வளவுதானா? காலையிலிருந்து பிடித்திருந்த பயம் இவ்வளவு லேசாகப் போய்விடுமா? டாக்டரிடம் இன்றைக்கே கேட்க வேண்டும், பழைய அளவிலேயே தொடங்கலாமா என்று, போகிற வழியில் போன் பண்ணிவிட வேண்டும் என்று ஓடிய நினைப்புக்கு நடுவே அவள் முகத்தைப் பார்த்தான், ஆராதனையில் இருந்த அதே நிம்மதி, ஒரு மாற்றமும் இல்லை.

"வேதபாடத்துக்கு வர்ற லூசியம்மாள் அக்காவும் சுகர் மாத்திரைய நிறுத்திட்டாங்கண்ணே" என்றாள் அனிஷா, வாயைத் துடைத்துக்கொண்டே. "புதன்கிழமை இதையும் எல்லாருக்கும் சொல்லு. வேற என்னல்லாம் தமிழ்ல விட்டுருக்காங்கன்னு சொல்லு."

இல்லம்மா, நான் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். சொன்னால் நாளைக்கு மாத்திரை போடுவாளா? சொல்லாவிட்டால்... பாயில் உட்கார்ந்திருக்கிற அந்தப் பதினைந்து முகங்களும் கண்ணுக்குள் வந்தன, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டு, எதை எப்படித் தொடங்கினால் அந்த அமைதி விழும் என்று முதல் வாக்கியம் தானாகவே உள்ளே அமைந்துகொண்டிருந்தது, அதை அவன் நிறுத்தவில்லை.