நான்காவது எடுத்துக்காட்டு

கலைச்சொல் அகராதி அலுவலகத்தில் பதிப்பாசிரியருக்கு 'அகராதி' என்றே பெயர். வேலையைச் சொல்கிறார்கள் என்று அவர் நினைத்தார். குணத்தைச் சொல்கிறார்கள் என்று எதிர்மேசையில் மெய்ப்புத் திருத்தும் அவர் மனைவிக்குத் தெரியும்.

அந்த மனைவி காலையிலிருந்து அவரோடு பேசவில்லை. மூன்றாம் மாடிக்கு மாற்றல் கேட்டு எழுதிய கடிதம் அவள் மேசைமேல் கிடந்தது. நான்கு மணிக்கு மேலாளர் வந்து கையெழுத்துப் போடுவார்.

முந்தின நாள், வேலை தாமதமாகிறதென்று மேலாளர் இவரைக் காய்ச்சி எடுத்திருந்தார். இவர் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய், "உன் கண்ணுல எந்தப் பிழை பட்டிருக்கு?" என்று மனைவியிடம் கத்தினார். இருபது வருடமாகப் பிழை பார்ப்பவளிடம்.

அன்றைய சொல் 'இடப்பெயர்ச்சி'. துறைக்கொரு பொருள், பொருளுக்கொரு எடுத்துக்காட்டு. அவர் எழுதித் தள்ள, அவள் திருத்தித் தள்ளினாள்.

இயற்பியல்: 'ஊரெல்லாம் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்தால் இடப்பெயர்ச்சி சுழி.' ஒரு காற்புள்ளி சேர்த்தாள். கப்பலியல்: 'மிதக்கும் கப்பல் தன் எடைக்குச் சமமான நீரை விலக்கும்.' டிக் அடித்தாள். மருத்துவத்தில், முறிந்த எலும்பின் முனைகள் விலகி நிற்பது. அதற்கும் டிக். முகத்தில் ஒன்றுமில்லை.

நான்காவது உளவியல். நிபுணர் அனுப்பிய பொருள்: ஒருவர்மேல் உள்ள கோபத்தை, பயமில்லாத இன்னொருவர்மேல் காட்டுவது. எடுத்துக்காட்டுக்கு மூன்று தாளைக் கசக்கியபின் எழுதினார்: 'மேலாளர் திட்டியதற்கு ஒருவர் தம் மனைவியைத் திட்டினார்.'

திரும்பி வந்த தாளில் 'ஒருவர்' சிவப்பாக அடிபட்டிருந்தது. ஓரத்தில், 'யாரென்று தெளிவில்லை.'

'ஒரு மடையர்' என்று மாற்றித் தள்ளினார்.

'இலக்கணம் சரி. போதாது.'

எழுந்து அவள் மேசைக்கே போனார். "நேத்து நான் பேசினது தப்புதான். அவர்கிட்ட கேக்க வேண்டியத உன்கிட்ட கேட்டுட்டேன்."

"அவர்கிட்ட கேட்டுடுவீங்களாக்கும்."

மேலாளர் உள்ளே வந்தார். அவள் எடுத்துக்காட்டுத் தாளை நீட்டினாள். அவர் இரண்டு முறை படித்தார்.

"இதுல மேலாளர் எங்கேர்ந்து வந்தார்?"

அகராதி மேலாளரை நேராகப் பார்த்தார். "நேத்து நீங்க திட்டினீங்களே சார், அங்கேர்ந்துதான். தாமதம் என்னால இல்ல. நிபுணர்கள் அனுப்பினாத்தானே நான் எழுத முடியும்?"

மேலாளர் கண்ணாடியைத் துடைத்தார். "சரி, அவங்களுக்கு நானே சொல்றேன். வேற கையெழுத்து உண்டா?"

"இல்ல சார்," என்று அவள் கடிதத்தை இழுப்பறைக்குள் போட்டாள்.

மேலாளர் போனதும் தன் நாற்காலியைக் கணவர் பக்கம் நகர்த்தினாள்.

"உக்காருங்க. முழங்கால் ஆடுது."