பெட்டிக்கு ஒரு எண்

யாரிடமாவது போய் ஒன்றைக் கேட்க வேண்டும் என்றாலே இவாஞ்சலினுக்கு வேப்பங்காய். பஸ்ஸில் மழைச் சாரல் அடித்தால்கூட ஜன்னலோரம் இருப்பவரிடம் ஷட்டரை இறக்கச் சொல்ல மாட்டாள், வேலூரிலிருந்து ஆம்பூர் வரைக்கும் நனைந்துகொண்டே வருவாள். அப்படிப்பட்டவளை ஒரு ஷூ கம்பெனி தனியாகக் கம்ப்யூட்டர் ரூமில் உட்கார வைத்திருந்தது. கேட்க ஆளில்லாத அறை. அவளுக்கு அதுவே சொர்க்கம்.

அது 2008. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று கரண்ட் ஆபீஸுக்கே தெரியாத காலம். கம்பெனியில் ஷூ வாங்கும் ஜெர்மன்காரர்கள் அந்த நேரம் பார்த்துப் புதிதாக ஒரு ஏற்பாடு கொண்டுவந்தார்கள். இங்கே பெட்டி கட்டி முடித்ததும் அதில் என்ன மாடல், என்ன சைஸ், எத்தனை ஜோடி என்ற விவரம் அவர்களுடைய கம்ப்யூட்டருக்கு நேராகப் போய்விட வேண்டும். ஆள் உட்கார்ந்து டைப் அடிக்கிற வேலையே கூடாது, இங்கிருக்கிற ப்ரோக்ராம் அங்கிருக்கிற ப்ரோக்ராமோடு தானாகப் பேசிக்கொள்ள வேண்டும். அப்படிப் பேசுகிற வழிக்கு ஏபிஐ என்று பெயர். சோதனையில் தேறினால் குளிர்கால பூட்ஸ் ஆர்டர் முழுக்க ஆம்பூருக்கு. தேறாவிட்டால் வேறு யாருக்கோ. அந்த ஆர்டரை நம்பித்தான் பேக்கிங் ஹாலில் இரண்டு லைன் கூடுதலாகப் போட்டு, மாதனூர்ப் பக்கத்துப் பெண்களை வேலைக்கு எடுத்திருந்தார்கள். ஆர்டர் போனால் அந்தப் பெண்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பேசுவதற்கு இரண்டு வழி உண்டு, உங்களுக்குத் தோதானதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஜெர்மன்காரர்கள் சொல்லியிருந்தார்கள்.

ஒன்று சோப். குளிக்கிற சோப்புக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவர்கள் வைத்திருந்த முறையில், கதவைத் தட்டி உள்ளே போய், அன்றைய பெட்டிகளை முதலிலிருந்து வரிசையாக ஒப்படைத்து, முடிந்தது என்று சொல்லிவிட்டு வெளியே வர வேண்டும். பெட்டிகளுக்கு எண் போடுவது அவர்கள் பாடு. ஆனால் நடுவில் இன்டர்நெட் லைன் அறுந்தால் எல்லாம் அந்தரத்தில் தொங்கும்.

இன்னொன்று ரெஸ்ட். அதில் ஒவ்வொரு பெட்டியும் தனி ஆள். பெட்டியின் எண்ணைச் சொல்லி விவரத்தை அனுப்பினால் முடிந்தது. போய்ச் சேர்ந்ததா என்று சந்தேகம் வந்தால் அதே எண்ணில் மறுபடி அனுப்பலாம். எத்தனை தடவை அனுப்பினாலும் அங்கே ஒரே பெட்டிதான் இருக்கும்.

கரண்ட் இந்த லட்சணத்தில் இருக்கிற ஊருக்கு எது தோது என்று சொல்லவும் வேண்டுமா? இவாஞ்சலினுக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் பேக்கிங் ஹாலில் ஒரு பழக்கம். காலையில் ஒவ்வொரு லைனும் முதல் பெட்டிக்கு ஒன்று என்று போட்டுத்தான் வேலையைத் தொடங்கும். லைனுக்கொரு ஒன்று, நாளுக்கொரு ஒன்று. அதை அப்படியே ரெஸ்ட்டில் அனுப்பினால் ஒரு லைனின் பெட்டி இன்னொரு லைனின் பெட்டியை அழித்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும். பழக்கத்தை மாற்றச் சொல்ல வேண்டும். சொல்வதென்றால் ஹால் சூப்பர்வைசர் முனவ்வர் பேகத்திடம் சொல்ல வேண்டும். முனவ்வர் பேகம் குரலெடுத்தால் கன்வேயர் சத்தம் அமுங்கிப்போகும். இவாஞ்சலின் அந்த ஹால் பக்கம் போனதே குறைவு.

எக்ஸ்போர்ட் மேனேஜர் நிசார் அஹமது கேட்டபோது, "சோப்தான் சார் ஸ்ட்ராங்" என்று சொல்லிவிட்டாள். அந்த நல்ல மனிதர் நம்பினார்.

சோதனைக்கு நேரம் குறிக்கும் பொறுப்பும் அவளுடையது. வெள்ளிக்கிழமை மதியம் என்று எழுதினாள். ஜும்மா தொழுகைக்கு ஆபீஸில் பாதிப் பேர் மசூதிக்குப் போய்விடுவார்கள், இன்டர்நெட் லைனை யாரும் தொட மாட்டார்கள் என்று கணக்கு. கணக்கெல்லாம் அருமைதான். ஜெனரேட்டரைப் போடுகிற முனீர் அகமதுவும் தொழப் போவார் என்பது மட்டும் அந்தக் கணக்கில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் மணி கேட்டு வளர்ந்த பெண்ணுக்கு வெள்ளிக்கிழமை அவ்வளவுதான் பிடிபட்டது.

பாதிப் பெட்டிகள் போயிருந்தபோது கரண்ட் போயிற்று. கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் ஓடியது, மோடம் அதில் இல்லை. கரண்ட் வந்ததும் பதறிப்போய் முதலிலிருந்து அனுப்பினாள். ஜெர்மனியில் பாதிப் பெட்டிகள் இரட்டைப் பிள்ளைகளாக நின்றன. சோதனை தோல்வி என்று மெயில் வந்தது.

தொழுகை முடிந்து வந்த நிசார் அஹமதுவிடம் நடந்ததைச் சொன்னாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. வேலை போய்விட்டது என்றே முடிவு செய்துவிட்டாள்.

"வெள்ளிக்கிழமை மதியம் முனீர் எங்க இருப்பான்னு இந்த ஊர்ல கைக்குழந்தைக்கும் தெரியும். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லம்மா?" என்றார்.

பிறகு போனை எடுத்து ஜெர்மனிக்குப் பேசினார். நேரத்துக்கு ஒப்புதல் கொடுத்தது நான், தப்பு என்னுடையது, இன்னொரு வாய்ப்பு வேண்டும் என்றார். அவர் ஒப்புதல் கொடுக்கவே இல்லை. அந்தப் பொய்க்காக அவருக்கு என்றென்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன் என்று அவளுக்குத் தோன்றியது.

"திங்கக்கிழமை குடுத்துட்டாங்க. அன்னிக்குக் கரண்ட் போவாதா?"

"சொல்ல முடியாது சார்."

"அப்போ அந்த இன்னொரு வழி இன்னா ஆச்சு?"

எண் விஷயத்தைச் சொன்னாள்.

"முனவ்வர்கிட்ட கேட்டுப் பாத்தியா?"

"நாளைக்குக் கேக்குறேன் சார்."

சனிக்கிழமை காலை ஹாலுக்குப் போனாள். முனவ்வர் பேகம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவள் சொன்னதைக் கேட்டார். லைனுக்கு ஒரு எழுத்து, பிறகு தேதி, பிறகு எண். இனிமேல் எந்தப் பெட்டியின் எண்ணும் இன்னொன்றுக்கு வரக் கூடாது.

"கட்டி வெச்சிருக்கிற பெட்டிங்க?"

"அதுலயும் மாத்தணும்க்கா. திங்கக்கிழமைக்குள்ள."

"எல்லாத்துலயுமா? இன்னாம்மா இது பேஜாரு!"

இவாஞ்சலின் கண்ணை மூடிக்கொண்டாள். முனவ்வர் பேகம் திரும்பி ஹாலைப் பார்த்துக் கத்தினார்.

"ஏய் புள்ளைங்களா! சாயந்திரம் ஒருத்தியும் பஸ்ஸுக்கு ஓடக் கூடாது. நம்ம லைன மூடாம இருக்கணும்னா பெட்டிக்கு நம்பரு மாத்தணும்!"

சாயந்திரம் ஒருத்தியும் ஓடவில்லை. மாதனூர் போகும் கம்பெனி பஸ்ஸின் டிரைவர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்து, இறங்கி வந்து பெட்டி நகர்த்தினார். பெண்கள் பழைய எண்ணை அடித்து, ஸ்டென்சில் அட்டையை வைத்துக் கறுப்பு மை தேய்த்தார்கள். இவாஞ்சலினும் ஒரு பிரஷ்ஷை வாங்கிக்கொண்டாள். முதல் பெட்டியிலேயே எழுத்தைத் தலைகீழாகப் போட்டாள். முத்துமாரி என்கிற புதுப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இத ஏன் மொதல்லயே வந்து சொல்லல?" என்று முனவ்வர் பேகம் பக்கத்தில் வந்து கேட்டார்.

"வேலை ஜாஸ்தியாயிடும், திட்டுவீங்கன்னு..."

"திட்டுவேன்தான். திட்டிட்டுச் செஞ்சு குடுப்பேன். நீ கேட்டாத்தானே?"

மையான கையோடு இவாஞ்சலின் அப்படியே நின்றாள். தன் கூச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ள இத்தனை பேரின் பிழைப்பை வைத்து விளையாடியிருக்கிறோம், அவர்களோ வீட்டுக்குப் போகாமல் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். நெஞ்சு நிறைந்துபோயிற்று. நன்றி சொல்ல வாயெடுத்தாள். "பிரஷ்ஷு காயுது பாரு" என்று அவர் அடுத்த பெட்டியைக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் உட்கார்ந்து ப்ரோக்ராமை மாற்றி எழுதினாள். திங்கட்கிழமை சோதனையின் நடுவில், வேறென்ன, கரண்ட் போயிற்று. முனீர் அகமது ஜெனரேட்டர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மோடம் மறுபடி உயிர் பெற்றதும் எது போனது, எது போகவில்லை என்று அவள் ஆராயவே இல்லை. எல்லாப் பெட்டியையும் மறுபடி அனுப்பினாள். அங்கேயும் இங்கேயும் எண்ணிக்கை ஒன்றாக நின்றது.

மறுநாள் ஆர்டர் உறுதியாகி மெயில் வந்தது. கடைசியில் ஒரு கேள்வி: இத்தனை சுத்தமாக எண் போட்டிருக்கிறீர்களே, எந்த சாஃப்ட்வேர் கம்பெனி செய்து கொடுத்தது?

"நீயே பதில் எழுது" என்று நிசார் அஹமது எழுந்து இடம் விட்டார்.

எழுதி முடித்ததும் அவள் ஹாலுக்கு ஓடிப்போய் முனவ்வர் பேகத்தின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். லைனை மூட மாட்டார்கள் என்ற சேதி ஹாலுக்கு ஏற்கெனவே எட்டியிருந்தது. முனவ்வர் பேகம் திரையில் விரல் வைத்து எழுத்துக் கூட்டினார்.

"என் பேரா இது?"

"உங்க பேருதான்க்கா. கீழ நம்ம பொண்ணுங்க பேரெல்லாம் இருக்கு. இவங்கதான் செஞ்சாங்கன்னு எழுதிட்டேன்."

"ஜெர்மனிக்கே போவுதா?"

"போய்டுச்சு."

முனவ்வர் பேகம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு பேப்பர்ல அடிச்சுக் குடு இவா. அம்மா பெட்டி தூக்கப் போறான்னு எம் பொண்ணு ஸ்கூல்ல சொல்ல வெக்கப்படுது. காட்டணும்."

இவாஞ்சலின் எல்லாப் பெண்களுக்கும் ஆளுக்கொரு தாளாக அடித்துக் கொடுத்தாள்.