ஆஸ்பத்திரிக்கு முந்தின ஸ்டாப்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இது கதையாகப் பிறக்கவில்லை. நிம்மதியாக வாழ ஒரு வீட்டுக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு பத்திரிகையில் கட்டுரை கேட்டார்கள். வெளிச்சம், காற்று, தண்ணீர் என்று ஆரம்பித்தேன். எனக்கே கொட்டாவி வந்தது. அடுத்ததாக, ‘உள்ளே தாழ்ப்பாள் வைத்த குளியலறை’ என்று எழுதினேன் பாருங்கள், எங்கிருந்தோ ஒரு பஸ் கண்டக்டர் வந்து உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது.

2

அது ஓர் இனிய காலைப் பொழுது. கண்டக்டர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு—

(வேண்டாம். இனிமையாவது ஒன்றாவது.)

கண்டக்டர் போன மாதம் குளிக்கும்போது மயங்கி விழுந்தார். கதவை உடைத்துத்தான் தூக்கினார்கள். இதயம் சரியில்லை, மறுபடியும் மயக்கம் வரலாம் என்றார் டாக்டர். புதுக் கதவு வந்தது, தாழ்ப்பாள் வரவில்லை. வீட்டிலேயே துணி தைக்கும் அவர் மனைவி தச்சரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

“என் வீட்ல நான் நிம்மதியா குளிக்கக்கூட முடியாதா?”

“நீங்க நிம்மதியா குளிங்க. வெளியில எனக்குல்ல உயிர் போகுது.”

வீம்புக்காரர், குளிப்பதையே விட்டுவிட்டார். மூக்கைப் பிடித்துக்கொண்டு சில நாள் பார்த்துவிட்டு அவள்தான் இறங்கி வந்தாள். தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாம், ஆனால் உள்ளே இருக்கும்வரை வாய் மூடக் கூடாது. அவருக்குப் பாட்டு வராது. வந்ததெல்லாம் தன் பஸ் போகும் வழிதான்.

“மார்க்கெட் எறங்கறவங்க இருக்கா? யாரும் இல்ல, போலாம் ரைட்!”

[இப்படியெல்லாம் ஒரு வீட்டில் நடக்குமா என்று எனக்கும் சந்தேகம்தான். நீங்கள் அவள் இடத்தில் இருந்தால் வேறென்ன செய்வீர்கள்?]

3

இன்று காலை. அவள் மிஷினை மிதிப்பதும் நிறுத்திக் காது கொடுப்பதுமாக இருக்கிறாள். ஒரே சட்டைக் கையை இரண்டாம் தடவை பிரித்தாகிவிட்டது. மார்க்கெட் போயிற்று, பள்ளிக்கூடம் போயிற்று.

“பாலம் எறங்கறவங்க இருக்கா? யாரும் இல்ல, போலாம் ரைட்.”

அடுத்தது ஆஸ்பத்திரி. தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்கிறது.

“ஏங்க?”

4

ஒரு முடிவு: வாய் நிறைய சோப்பு நுரை, துப்பிவிட்டுப் பேசுகிறார். (எழுதிப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

இன்னொன்று: அவள் கதவை இடிக்கிறாள், தாழ்ப்பாள் தெறிக்கிறது, உள்ளே அவர்— மாட்டேன். இதை எழுத மாட்டேன்.

இன்னொன்றும் உண்டு. அந்த ஸ்டாப் வரும்போதெல்லாம் அவர் குரல் இறங்கும். பயம் அவருக்கும் இருக்கிறது, அவளிடம் சொன்னதில்லை. இன்று அந்தப் பெயர் வாயில் வராமல் சும்மா நிற்கிறாரோ என்னவோ. எனக்கும் தெரியவில்லை.

5

அவள் எழுந்து போய்க் கதவில் கை வைக்கிறாள்.

“ஆஸ்பத்திரி எறங்கறவங்க இருக்கா?”

குரல் உடைகிறது. இன்னொரு தடவை கேட்கிறாள்.

அடுத்த வரி உள்ளேயிருந்து வர வேண்டும். என்னால் ஆகாது. அது என்ன வரி என்று உங்களுக்குத் தெரியும். மனசுக்குள் படிக்காதீர்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள். வெளியே அவளுக்குக் கேட்க வேண்டும்.