சிவகௌரியின் காலுக்கு இரண்டு முடிவுகள்

1

இந்தக் கதை எழுத்தாளர் உருத்திரமூர்த்திக்கு ஒரு நரம்பியல் வைத்தியரின் அறையில் கிடைத்தது. மனைவி சிவகௌரியின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டிருந்த மனிதர், கவலைப்படவேண்டிய நேரத்தில் கதை கிடைத்துவிட்டதே என்று உள்ளூர மகிழ்ந்தார். (திட்டவேண்டாம். அவருடைய கடைசிப் புத்தகத்தை வாங்கியவர்கள் ஏற்கனவே திட்டிவிட்டார்கள்.)

2

முதல் தொடக்கம்: 'வுப்பர்டாலின் தொங்குரயில் அன்று அவளுடைய விதியைப் போலவே அந்தரத்தில்...'

வெட்டிவிட்டார். நடந்தது இவ்வளவுதான். 2008இல் ஜேர்மனியில் ஒரு மாலை, வேலை முடிந்து தொங்குரயிலால் இறங்கிய சிவகௌரியின் இடது கால் வர மறுத்தது. ஸ்கானில் ஒன்றுமில்லை. "நடிக்கிறா" என்றார்கள் சொந்தக்காரர்.

வைத்தியர் அவளைப் படுக்கவைத்து வலது காலைத் தூக்கச் சொன்னார். தூக்கியதும், அசையாத இடது குதிக்கால் தானாகவே கட்டிலை அழுத்தியது.

"நரம்பு பழுதில்லை. நீங்கள் நடிக்கவும் இல்லை. மூளை அனுப்பும் கட்டளைதான் வழியில் தடைப்படுகிறது" என்றார். சிவகௌரி அன்றுதான் அழுதாள்.

பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். மாயக்காட்சி தரும் மருந்தைக் கண்காணிப்போடு கொடுத்துப் பேச்சுச் சிகிச்சையும் செய்தால் அந்தத் தடை இளகக்கூடும் என்று சிலர் நினைக்கிறார்கள். நிரூபணம் இல்லை. ஆய்வு ஏதும் தொடங்கினால் பெயர் கொடுப்பீர்களா?

3

உருத்திரமூர்த்தி காத்திருக்கவில்லை. அவருடைய நாயகி மருந்தைக் குடித்தாள், கண்ணுக்குள் போர்க்கால யாழ்ப்பாணம், செல் குண்டு வீச்சு, தாயின் குரல், எழுந்து ஓடினாள். எழுதியவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சிவகௌரி வாசித்தாள்.

"என்னப்பா இது? செல் விழாமல் யாழ்ப்பாணத்துப் பொம்பிளையின்ர கால் நிக்காதோ?"

"உள்ளுக்கை ஏதோ இருக்கும், கௌரி."

"அண்டைக்குப் புட்டுக்கு என்ன கறி வைக்கிறதெண்டு யோசிச்சுக்கொண்டு வந்தனான். காரணம் இருக்கத்தான் வேணுமெண்டில்லை எண்டு டொக்டரே சொன்னவர்."

(கறியை யோசித்துக் கால் நின்ற நாயகியை எந்தச் சஞ்சிகை பிரசுரிக்கும்?)

4

முடிவு அ: நடக்கிறாள். முடிவு ஆ: நடக்கவில்லை.

"எது நல்லம்?" என்று கேட்டார்.

"நடந்தால், சொந்தக்காரர் இவ்வளவு நாளும் நடிச்சவள் எண்டுவினம். நடக்க ஏலாட்டி, இன்னும் நடிக்கிறாள் எண்டுவினம். ரெண்டும் அவையளின்ர முடிவுதான்." பிறகு சொன்னாள்: "ஆய்வுக்குப் பேரைக் குடுக்கிறன். டொக்டருக்குச் சொல்லுங்கோ."

"சொல்லுறன்."

"நீங்கள் என்ன எண்டுவியள்?"

பதினொரு புத்தகம் எழுதிய வாய் திறந்தது. உருத்திரமூர்த்தி அவளைப் பார்த்து,

5

ஆய்வு இன்னும் தொடங்கவில்லை. மேலேயுள்ள வசனத்தை அவரால் முடிக்கவும் முடியவில்லை. நீங்கள் முடியுங்கள். ஆனால் எழுதியதைச் சிவகௌரியிடம் காட்டவேண்டும். அவள் வாசித்து முடிக்கும்வரை பக்கத்தில் இருக்கவும் வேண்டும்.