மேசையின் அடிப்பக்கம்

ஆட்டுத்தொடை அடுப்பிலிருந்து மேசைக்கு வந்துவிட்டது. நெவில் ட்ரெம்பத் கத்தியைக் கையில் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை இறைச்சியை வெட்டும் உரிமை அந்த வீட்டில் அவருக்கு மட்டுமே உண்டு. வெட்டுவதற்கு முன்னால், பட்டறை இனிமேல் டேமியனுடையது, வக்கீலிடம் கையெழுத்தும் போட்டாயிற்று என்று அறிவித்தார். அறிவித்துவிட்டு முதல் துண்டை மகன் தட்டில் வைத்தார்.

இரண்டாவது துண்டு மகள் லீயானுக்கு. பத்தொன்பது வருஷமாக அந்தப் பட்டறையில் இழைப்புளி தள்ளிக் கொண்டிருப்பவள் அவள். இறைச்சி வைத்திருந்த மேசையும் அவள் செய்ததுதான்.

"பட்டறை யாருக்கு வேணா போகட்டும்ப்பா. நான் செய்யற சாமானுக்கு அடியில என் பேரைப் போட்டுக்கறேன். எனக்கு அது போதும்."

"எதுக்கு கண்ணு? மேசைக்கு அடியில எவன் குனிஞ்சு பாக்கப் போறான்?"

"யாரும் பாக்க மாட்டாங்கன்னா, போட்டா என்ன?"

சாப்பாடு ஆறுகிறது என்றார் நெவில். தாய் பெவர்லி புதினாச் சாற்றை மகள் பக்கம் நகர்த்தி, அப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு இருப்பதை நினைவுபடுத்தினாள். அந்தப் பட்டறையிலிருந்து போன ஒவ்வொரு நாற்காலிக்கும் நாற்பது வருஷமாக எண்ணெய் தேய்த்தவள் அவள். அவள் பெயர் எங்கே என்று அவளே கேட்டதில்லை. கேட்காதவள் நல்ல மனைவி என்பது டாஸ்மேனியாவின் இந்தப் பள்ளத்தாக்கில் ஆப்பிள் மரத்தை விடப் பழைய பயிர்.

வாசலில் தொங்கும் பலகை 'ட்ரெம்பத் அண்ட் சன்ஸ்' என்று சொல்கிறது. நெவிலின் அப்பா அதை மாட்டியபோது அவருக்கு மகன் பிறக்கவில்லை, கல்யாணமே ஆகவில்லை. பலகைக்கு ஏற்றபடி பிள்ளை பெற்றுக்கொண்ட குடும்பம் அது. அதே எழுத்துகள் கொண்ட முத்திரை இரும்பு ஒன்று உண்டு. பழுக்கக் காய்ச்சி, செய்த சாமானின் அடியில் ஒரு அழுத்து. லீயான் செய்த அத்தனைக்கும் அவளே நேர்கோட்டில், கோணாமல், அதைச் சுட்டாள். தான் தன் அப்பாவின் மகன்கள் என்று பத்தொன்பது வருஷம் தன் கையாலேயே பொய் எழுதினாள்.

டேமியன் மெல்போர்னில் கார் விற்றுக்கொண்டிருந்தவன். உளியில் எந்தப் பக்கம் கூர் என்பது தெரியும், அதற்குமேல் தெரியாது. ஆனால் பேசுவான். வந்த மாதமே ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு அட்டை தொங்கவிட்டான். மரம் எந்தச் சரிவில் நின்றது, எந்தப் புயலில் சாய்ந்தது, அதன் இடத்தில் எத்தனை கன்று நடப்பட்டது என்று பிளாக்வுட் மரத்தின் பூர்வீகம் ஏழு வரிக்கு வரும். எட்டாவது வரி, 'மூன்று தலைமுறை ட்ரெம்பத் ஆண்களின் கைவண்ணம்.' எங்கள் ஊரில் மரத்துக்கு முழு ஜாதகம் உண்டு. செய்தவளுக்குத்தான் பிறப்புச் சான்றிதழ் கிடைக்காமல் போயிற்று.

அடுத்து, பலகை அடுக்குக்கு வந்தான். பிளாக்வுட் ஒரு அங்குலக் கனம் காய ஒரு வருஷம் கேட்கும். இரண்டு அங்குலப் பலகை என்றால் இரண்டு வருஷம் காற்றில் கிடக்க வேண்டும். எது எப்போது அறுத்தது என்று ஒவ்வொரு பலகையின் முனையிலும் லீயான் பென்சிலால் எழுதி வைத்திருந்தாள். டேமியன் அதைக் கிறுக்கல் என்று நினைத்தான். சுற்றுலாக்காரர்கள் படம் எடுத்துக்கொள்ள அழகாக இருக்கட்டும் என்று அடுக்கைக் கலைத்து, நிறம் பார்த்து மறுபடி அடுக்கி, முனைகளுக்கெல்லாம் பச்சை வண்ணம் அடித்தான். இயற்கையைக் காப்பதற்கு அதுதான் நிறமாம்.

நகரசபைத் தலைவர் ஸ்டாக்கல் அந்தப் பச்சையைப் பார்த்து மனம் உருகினார். புதிய சபைக்கூடம் ஜூனில், நடுக்குளிர்காலத்தில், திறப்பு. பன்னிரண்டு அடி மேசை வேண்டும், உள்ளூர் மரம், உள்ளூர் குடும்பம் என்றார். அவ்வளவு நீள, இரண்டு அங்குலப் பலகை அடுக்கில் நாலு இருந்தது. நாலும் போன ஜூலையில் அறுத்தவை.

லீயான் ஈரம் பார்க்கும் கருவியின் ஊசியைப் பலகையில் குத்தித் தம்பிக்குக் காட்டினாள்.

"இருபத்திரண்டு. பன்னெண்டுக்கு மேல இருந்தா தொடவே கூடாது. ஹீட்டர் போட்ட ரூம்ல இது வாயைப் பொளக்கும்."

"மிஷின் பழசு. பேட்டரி போயிருக்கும்."

"பேட்டரி போனா முள்ளே அசையாதுடா."

"உனக்கு வயித்தெரிச்சல், லீயான். ஒத்துக்கோ."

அதற்குப் பிறகு அவள் எந்த எண்ணைச் சொன்னாலும் அது வயிற்றெரிச்சலின் அளவாகத்தான் இருக்கும். அவள் அப்பாவைப் பார்த்தாள். நெவில் பலகைமேல் உள்ளங்கையை வைத்தார். ஐம்பது வருஷம் மரம் தொட்ட கைக்குக் கருவி தேவையில்லை. கையை எடுத்து, சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, தம்பி புதுசாக ஆரம்பிக்கிறான், தடுக்காதே என்றார்.

இந்த மேசையில் தன் கை படாது என்று லீயான் சொல்லிவிட்டாள். டேமியன் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, கூலிக்கு ஒரு ஆளையும் வைத்துக்கொண்டு, மே மாதத்தில் மூன்று வாரத்தில் தானே செய்து முடித்தான். முத்திரையையும் தானே சுட்டான். அவள் அந்த மூன்று வாரமும் ஒரு ஓரத்தில் ஆறு நாற்காலி செய்துகொண்டிருந்தாள். அந்த நாட்களில்தான் மலைக்கு அந்தப்பக்கம் உள்ள ஒரு பட்டறைக்கு எழுதிப் போட்டாள். அங்கே செய்கிறவர்கள் அவரவர் பெயரைப் போடுவார்களாம். ஜூலையில் வரச் சொல்லிப் பதில் வந்தது.

திறப்பு விழாவில் ஸ்டாக்கல் நாற்பது நிமிஷம் பேசினார். அடுத்த தலைமுறைக்கு நாம் என்ன விட்டுச் செல்கிறோம் என்று மூன்று முறை கேட்டார். ஹீட்டர்கள் நான்கும் முழுவேகத்தில் எரிந்தன. லீயான் கடைசி வரிசையில், வெயில் படாத ஒரு மூலையில் உட்கார்ந்து, மேசைப் பலகைகள் ஒட்டிச் சேரும் பசைக்கோடுகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலாவது வாரம், நாய்களைக் கடற்கரையில் அவிழ்த்துவிடலாமா என்ற விவாதத்தின் நடுவே, துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். உறுப்பினர் இருவர் தரையில் படுத்துக்கொண்டார்கள். தலைவர் இடத்திலிருந்து மேசையின் பாதிவரை விரல் நுழையும் அகலத்துக்குப் பிளவு ஓடியிருந்தது. தலைவரின் தேநீர் அதன் வழியாகத் தலைவரின் கால்சட்டைக்கு இறங்கியது.

விளக்கம் கேட்டு நகரசபையிலிருந்து ஆள் வந்தான். டேமியன் துக்க வீட்டுக் குரலில் பேசினான்.

"வீட்டு ஆளை விட்டுக்குடுக்கற பழக்கம் எங்களுக்கு இல்லீங்க. ஆனா கேட்டுட்டீங்க, சொல்லித்தான் ஆகணும். அது லீயான் செஞ்ச மேசை."

வந்தவன் நெவிலைப் பார்த்தான். லீயானும் அங்கேதான் நின்றாள், கையில் உளியோடு. நெவில் தன் செருப்பைப் பார்த்தார்.

"ஆசைப்பட்டுக் கேட்டா. பொம்பளப்புள்ள... குடுத்தோம்."

"அப்பா," என்றாள் லீயான். தான் செய்யவில்லை என்று அவள் பிறகு அந்த ஆளிடம் சொன்னாள். அவன் அனுதாபத்தோடு தலையாட்டினான். பத்தொன்பது வருஷமாக எதையுமே செய்ததாகக் காகிதத்தில் இல்லாதவள், இதை மட்டும் செய்யவில்லை என்று எதைக் காட்டி நிரூபிப்பாள்?

வாரப் பத்திரிகையில் அவள் பெயர் முதல்முறையாக, எழுத்துப்பிழை ஒன்றும் இல்லாமல் அச்சானது. மலைக்கு அந்தப்பக்கத்துப் பட்டறைக்காரர் போன் செய்தார். நல்ல மனிதர், நிறைய வருத்தப்பட்டார். இடம் நிரம்பிவிட்டதாம்.

மேசையைத் தூக்கிப்போட நகரசபைக்கு மனம் வரவில்லை. தாழ்வாரத்தில், குப்பைவண்டி என்றைக்கு வரும் என்ற துண்டுத்தாள்களை வைக்க அது பயன்படுகிறது. அதன்மேல் ஒரு சின்ன அட்டை: 'உள்ளூர் பிளாக்வுட். செய்தவர்: லீயான் ட்ரெம்பத்.'

செப்டம்பரில் நாய்க்கு உரிமம் புதுப்பிக்க நகரசபைக்குப் போன லீயான் அந்த அட்டையை நின்று படித்தாள். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தாள். தரையில் உட்கார்ந்து, மல்லாந்து, மேசைக்கு அடியில் நகர்ந்தாள். பலகை அறுத்தது போன வருஷம் ஜூலையில் என்று எழுதலாம். எவன் ஒட்டினான் என்று எழுதலாம். எழுதக் கை போன இடத்தில் முத்திரை இருந்தது. கோணலாக, ஒரு ஓரம் கருகி, 'ட்ரெம்பத் அண்ட் சன்ஸ்.'

அந்த இரும்பு உண்மை பேசியது இந்த ஒரு மேசையில் மட்டும்தான். அவள் பென்சிலைத் திரும்பக் காதில் செருகினாள்.

வெளியே இரண்டு கால்கள் வந்து நின்றன. உரிமம் கொடுக்கும் பெண்.

"என்னம்மா, ஏதாவது கீழ விழுந்துடுச்சா?"

"இல்லம்மா," என்றாள் லீயான் அடியிலிருந்து. "மேசைக்கு அடியில யாரும் குனிஞ்சு பாக்க மாட்டாங்கன்னு எங்கப்பா சொன்னாரு. சரியாத்தான் சொல்லியிருக்காரு."

அந்தப் பெண் சிரித்தாள். குனியவில்லை.