அண்ணனோட ஆள்

"இன்னிக்கு ஒரு நாள் நீ உக்காந்தே இருக்கணும்ப்பா. அவர் வந்தாலும் எழுந்துக்கக் கூடாது" என்றாள் அனுப்பிரியா. தலை நிறைய மல்லிகையோடு, கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பாமலே சொன்னாள். பட்டு வேட்டியின் மடிப்பு கலைந்துவிடுமோ என்று கதவருகிலேயே நின்றிருந்த சிட்டிபாபு சிரித்தார். "இன்னாம்மா பேச்சு இது? என் பொண்ணு நிச்சயத்துல நான் உக்காராம வேற எவன் உக்காருவான்?" அவள் சிரிக்கவில்லை. "தட்டு மாத்தறப்போ உன் கைதான் மாத்தணும். வேற எதுவும் உங்கிட்ட நான் கேக்கல." அவள் சொன்னது வாஸ்தவம்தான். சிறுசேரியில் வேலை கிடைத்த நாளிலிருந்து அவள் அப்பாவிடம் வேறு எதையும் கேட்டதில்லை.

அவர் என்று அவள் சொன்னது ராஜாராமனை. ஊரப்பாக்கத்தில் நெல் விளைந்த பூமியை மனை மனையாகப் போட்டு விற்று மேலே வந்தவர். கல்யாணமோ காரியமோ, கடைத் திறப்போ, அவர் எங்கே போனாலும் இடது தோளுக்கு ஓரடி பின்னால் சிட்டிபாபு நிற்பார். அந்த நிற்றலுக்கு ஊரில் ஆளுக்கொரு பெயர் உண்டு. பேங்க்காரர்கள் பி.ஏ. என்பார்கள். பத்திரம் எழுதுகிறவர் "அண்ணனோட ஆள்" என்பார். சிட்டிபாபுவின் மாமியார் சாகிற வரைக்கும் எடுபிடி என்றுதான் சொன்னாள். அந்த அம்மாளுக்கு நாக்கில் நரம்பே கிடையாது. மனைவி வேதா மாப்பிள்ளை வீட்டாரிடம் மேனேஜர் என்று சொல்லி வைத்திருந்தாள். ராஜாராமனோ, தலை நரைத்த மனுஷனை இன்னமும் "நம்ம பையன்" என்பார். சந்தோஷம் பொங்கினால் "என் வலது கை" என்பார். அந்த வலது கை ஒன்றைக் கேட்டுவிட்டால் போதும், சிட்டிபாபுவுக்கு ஒரு வாரத்துக்குச் சாப்பாடே வேண்டாம். டீக்கடையில் மட்டும், அவர் தலை மறைந்த பிறகு, அல்லக்கை என்பார்கள். அனுப்பிரியா சின்னப் பெண்ணாக இருந்தபோது பள்ளிக்கூடத்தில் எவனோ அப்படிச் சொல்ல, வீட்டுக்கு வந்து அர்த்தம் கேட்டாள். "வலது கைக்கு இன்னொரு பேரும்மா அது" என்றார் சிட்டிபாபு. அவளும் பெருமையாக நாலு பேரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். அர்த்தம் தெரிந்துகொண்ட நாளில் அவள் எதுவும் கேட்கவில்லை. அந்த மௌனம்தான் சிட்டிபாபுவை இன்றைக்கும் அறுக்கிறது.

மாப்பிள்ளை முகிலனின் அப்பா சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நேரத்துக்கு வந்துவிட்டார். கூடத்தில் ஜமக்காளம் விரித்து, நடுவே தாம்பாளங்கள் வைத்து, எதிரெதிரே இரண்டு தகப்பன்மாரும் உட்கார்ந்தார்கள். "வாங்க சம்பந்தி, இன்னும் கொஞ்சம் முன்னால வாங்க" என்றார் வாத்தியார். சிட்டிபாபுவுக்கு அந்த வார்த்தை புதுச் சட்டை மாதிரி இருந்தது. கொஞ்சம் உறுத்தியது, ஆனால் நன்றாக இருந்தது. இத்தனை பெயர்களுக்குப் பிறகு ஒருத்தர் அவரைத் தனக்குச் சமமாக வைத்துக் கூப்பிடுகிறார். ஜமக்காளத்தில் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். ஐயர் லக்னப் பத்திரிகையை வாசித்து முடிக்கிற சமயத்தில் தெருவில் கார் நின்றது.

ஹாரன்கூட அடிக்கவில்லை. கார்க் கதவு சாத்துகிற சத்தம் மட்டும்தான். சிட்டிபாபு எழுந்திருக்கவேண்டும் என்று நினைக்கவே இல்லை. நினைப்பதற்கு முன்னாலேயே வாசலில் நின்றுகொண்டிருந்தார். ராஜாராமன் கொண்டுவந்திருந்த பழக்கூடை அவர் கைக்கு மாறியிருந்தது. "எல்லாரும் உக்காருங்கப்பா, எனக்கோசரம் இன்னாத்துக்கு எழுந்துகினு" என்றபடி உள்ளே வந்த ராஜாராமன், காலியாக இருந்த ஒரே இடத்தில் உட்கார்ந்தார். தப்பாக ஒன்றும் நினைத்து உட்காரவில்லை. போகிற இடத்தில் எல்லாம் அவருக்காக ஓர் இடம் காலியாக இருக்கும். அதை யார் காலி செய்தார்கள் என்று பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

வேதா சமையலறை வாசலிலிருந்து கண்ணால் ஜாடை காட்டினாள். சிட்டிபாபு பார்த்தார். போய் அண்ணனுக்குப் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்திருக்கலாம். ஒரு வார்த்தை சொன்னால் ராஜாராமனே நகர்ந்திருப்பார், அவ்வளவு கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் சிட்டிபாபுவின் கால்கள் அந்த இடது தோளுக்கு ஓரடி பின்னால் போய் நின்றுவிட்டன.

"பொண்ணோட தகப்பனார் தட்டை எடுத்துக்கோங்கோ" என்றார் ஐயர்.

அந்த நேரம் பார்த்து ராஜாராமன் கையைப் பின்னால் நீட்டினார். மூக்குக் கண்ணாடிக்காக நீட்டினார். அது எப்போதும் சிட்டிபாபுவின் சட்டைப் பையில்தான் இருக்கும். எத்தனை மேடைகளில், எத்தனை திறப்பு விழாக்களில் அந்தக் கை இப்படி நீண்டிருக்கும்; கத்தரிக்கோலோ மாலையோ சால்வையோ, அந்த நேரத்துக்கு எது வேண்டுமோ அது கேட்காமலே அதில் வந்து உட்காரும். அதுதான் சிட்டிபாபு படித்த ஒரே படிப்பு. அவர் குனிந்தார், தேங்காயும் வெற்றிலையும் பழமும் வைத்திருந்த தாம்பாளத்தைத் தூக்கினார், அந்தக் கையில் வைத்தார்.

ராஜாராமனே திகைத்துப் போனார். "எனக்காடா?" என்றார்.

"சார், பொண்ணுக்கு அப்பா இவர்தானே..." என்று வாத்தியார் இழுத்தார்.

இப்போதாவது வாங்கிக்கொண்டிருக்கலாம். "நீங்களே மாத்துங்கண்ணா. உங்க கைராசி" என்று சொன்னது சிட்டிபாபுவின் வாய்தான். சொல்லிவிட்டு, பழக்க தோஷத்தில், வாத்தியாரைப் பார்த்து இளித்து வேறு வைத்தார்.

ராஜாராமனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்தக் காலத்துல இப்பிடி ஒருத்தன் எவனுக்குக் கிடைப்பான் சொல்லுங்க? சிட்டி என் வலது கை" என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு, தட்டை மாற்றினார். போட்டோக்காரர் விளக்கைப் போட்டுப் போட்டு எடுத்தார். அறை வாசலில் அனுப்பிரியா நின்றிருந்ததை சிட்டிபாபு அப்புறம்தான் பார்த்தார். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மாடியில் பந்தி போட்டார்கள். வாத்தியார் பக்கத்து இலையைக் காட்டிக் கூப்பிட்டார். "நீங்க சாப்டுங்க சார், நான் கடைசில" என்று சொல்லிவிட்டு, பரிமாறுகிற ஆளிடமிருந்து பாயச வாளியைப் பிடுங்கிக்கொண்டார் சிட்டிபாபு. கையில் எதுவும் இல்லாமல் அங்கே நிற்க அவருக்குத் தைரியம் இல்லை. அண்ணனுக்கு ஊற்றினார், வாத்தியாருக்கு ஊற்றினார், மாப்பிள்ளைக்கு ஊற்றினார். அடுத்த இலை மகளுடையது. "கொஞ்சம் விடட்டுமாம்மா? உனக்குப் புடிச்ச பால் பாயசம்" என்றார்.

அனுப்பிரியா நிமிரவில்லை. மருதாணி சிவந்த இரண்டு கைகளையும் இலையின் மேல் கவிழ்த்துப் பரப்பிக்கொண்டாள். "சிட்டி, இங்க ஒரு டம்ளர் தண்ணி" என்று பின்னாலிருந்து ராஜாராமனின் குரல் வந்தது. சிட்டிபாபு போகவும் இல்லை, கரண்டியை வாளிக்குள் திரும்ப விடவும் இல்லை. சூடான பாயசம் ஒரு சொட்டு அவள் புறங்கையில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை, கையை எடுக்கவும் இல்லை.