ஒரு பொம்பளை வரட்டும்

கொழும்பில் குண்டு வெடித்ததிலிருந்து பதுளை ரயில் ஸ்டேஷனில் ஆட்களைத் தடவிப் பார்த்துத்தான் மேடைக்குள் விட்டார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வரிசை, ஒரே கான்ஸ்டபிள்.

மரியகொரட்டி தன் பெட்டியைத் தானே திறந்து வைத்தாள். மறுநாள் குவைத்துக்கு விமானம். இந்தக் கொழும்பு ரயிலை விட்டால் அதுவும் போச்சு. ஏஜென்சிக்காரன் வேறொருத்தியை அனுப்பிவிடுவான். அடுத்த ஸ்டேஷனான ஹாலிஎலயில் ஏறினால் உட்கார இடம் கிடைக்காது என்றுதான் தம்பி பாக்கியநாதனோடு தோட்டத்திலிருந்து பதுளைக்கே வந்திருந்தாள்.

கான்ஸ்டபிள் உள்பாவாடை வரை உதறிப் பார்த்தார். அவள் எல்லாவற்றையும் மடித்து உள்ளே வைத்தாள். அவர் கை இடுப்புப் பக்கம் நீண்டதும் சட்டென்று விலகினாள்.

"பெட்டிய பாத்தீங்க, சரி. ஒடம்ப ஒரு பொம்பளைதான் பாக்கணும், ராலாமி."

"பொம்பளை பொலிஸ் இங்க இல்ல."

"கூப்பிடுங்க. நிக்கிறேன்."

"அக்கா, ரயில் போயிரும்! கண்ண மூடிக்கிட்டு நில்லேன்" என்றான் தம்பி.

"நீ மூடிக்கிட்டு நில்லு. ஒன்னைய தடவட்டும்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். கான்ஸ்டபிளுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன ஒளிச்சு வச்சிருக்க?"

"ஒளிச்சு வச்சவ இப்படிச் சத்தம் போடுவாளா? கட்டுநாயக்கா ஏர்போர்ட்டுலயே திரை போட்டு, பொம்பளைதான் தொடுறாங்களாம். பதுளையில மட்டும் எங்க ஒடம்பு பொதுச் சாமானா?"

பின்னால் நின்ற நளீரா, பஜாரில் துணிக்கடை வைத்திருப்பவரின் மனைவி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றாள். "எனக்கும் பொம்பளைதான் வரணும்." அவளுக்கு அடுத்து நின்ற பெண்களும் நகரவில்லை.

வண்டி நேரத்துக்குக் கிளம்ப வேண்டுமே என்ற கவலை ஸ்டேஷன் மாஸ்டருக்கு. மேடையைக் கூட்டிக்கொண்டிருந்த கருப்பம்மாவைப் பெண்கள் அறைக்குள் அனுப்பி, கதவைச் சாத்தச் சொன்னார். கான்ஸ்டபிள் வெளியே நின்றார்.

"என்னத்த தேடணும்னு எனக்கு தெரியாதே, தங்கச்சி."

"துப்பாக்கி, குண்டு. நல்லா தடவிப் பாருங்கக்கா. அத நான் வேணாங்கல."

மரியகொரட்டி முதலில் வெளியே வந்தாள். கார்ட் பச்சைக்கொடியை விரித்துவிட்டார். அறைக்குள் நளீராவோடு இன்னும் நாலைந்து பேர். மரியகொரட்டி ஒரு காலை ரயில் படியில் வைத்தாள்; மற்றதை மேடையிலேயே ஊன்றிக்கொண்டாள்.

"ஏறும்மா!" என்றார் கார்ட்.

"அவங்களும் வரட்டும்."

பெட்டியை ஏற்றிவிட்டு நின்ற தம்பிக்கு அழுகையே வந்துவிட்டது. "பிளேன் ஒனக்கா, அவங்களுக்கா?"

"எம் பேச்சக் கேட்டுத்தானே நின்னாங்க?"

காலை எடுக்கவில்லை. கார்ட் முணுமுணுத்தபடி கொடியைத் தாழ்த்தினார். கதவு திறந்து பெண்கள் ஓடிவந்தார்கள். கடைசியாக நளீரா ஏறிய பிறகுதான் மரியகொரட்டி மற்றக் காலையும் தூக்கி வைத்தாள்.